முதல் பறத்தலில் கட்டியவருக்கு இடமில்லை

என்னுடையது இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய விமானம். தாழ்வான இறக்கை, மூக்கடியில் ஒரு சக்கரம், 160 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் லைகோமிங் எஞ்சின், கோணம் மாறாத புரொப்பெல்லர். அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு, பிசிறு நீக்கி, ரிவெட் அடித்துச் சேர்த்துக் கட்டினேன். அண்மையில் அது முதன்முறையாகத் தரையை விட்டு எழுந்தது. எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் மெய்சிலிர்ப்பான பதிலை எதிர்பார்க்கிறார்கள். சிலிர்ப்பு இல்லாமல் இல்லை; ஆனால் அந்த நாளைப் பற்றி உருப்படியாகச் சொல்ல எனக்கு இருப்பது வேறொன்று. விமானத்தைக் கட்டியவரும் அதை முதலில் ஓட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கலாம். எஞ்சினை முடுக்கும் நேரத்தில் மட்டும் அந்த இருவரில் ஒருவர் கீழே இறங்கி நின்றுவிட வேண்டும். இறங்க வேண்டியவர் கட்டியவர்தான்.

ஏன் என்றால், கட்டியவருக்கு விமானத்தின் மேல் ஆசை இருக்கிறது. எழுந்த சில விநாடிகளில் எஞ்சின் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பது வெறும் பொட்டல். அங்கே இறக்கினால் சக்கரங்கள் முறியும், இறக்கை கிழியும், ஆனால் ஓட்டுபவர் பெரும்பாலும் நடந்து வெளியே வருவார். பின்னால் இருப்பது ஓடுபாதை. திரும்பி அங்கே போய்விட்டால் ஒரு கீறலும் விழாது என்று மனம் ஆசை காட்டும். தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், செங்குத்தாகச் சாய்ந்து திரும்ப முயலும்போது இறக்கை தன் தூக்குதிறனை இழந்து ஸ்டால் ஆகிறது. அதிலிருந்து மீள அங்கே உயரம் இருப்பதில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சொந்தமாகக் கட்டப்பட்ட விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் திறன் இழப்பும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும் மற்ற எல்லாவற்றையும்விட வெகுவாக முன்னால் நின்றன. அறிக்கையில் இவை இரண்டும் தனித்தனி வகைகள்தான். ஆனால் முதலாவது நேரும்போது மனிதர் எடுக்கும் முடிவே இரண்டாவதைக் கூட்டிவருகிறது என்பது என் எண்ணம். ஆகவே, எஞ்சின் நின்ற அந்தக் கணத்திலிருந்து இந்த விமானம் எனக்குச் சொந்தமில்லை என்று முன்கூட்டியே எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு வேண்டுமானால் சொந்தமாக இருக்கட்டும்.

கட்டியவரை இறக்கிவிடும் வேலை பறப்பதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தான் போட்ட நட்டை தானே நூறு முறை பார்த்தாலும் அது சரியாக இருப்பதாகவே கண் சொல்லும். எனவே இறுதிச் சோதனையை, அந்த விமானத்தில் ஒரு ரிவெட்கூட அடிக்காத ஒருவர் செய்ய வேண்டும். பால் போபெரெஸ்னி 1953இல் அமெரிக்காவில் தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற சொந்தக் கட்டுமானச் சங்கம் இதற்கென்றே தொழில்நுட்ப ஆலோசகர்களையும், முதல் பறத்தலுக்குத் தயாரா என்று பேசிப் பார்க்கும் பறத்தல் ஆலோசகர்களையும் வைத்திருக்கிறது. எனக்கு வாய்த்தவர் இதே வகை விமானம் இரண்டைக் கட்டி ஓட்டிய மூத்தவர். வந்ததும் விமானத்தின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வால்பகுதிக்குள் தலையை விட்டார். மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையான எலிவேட்டரை இயக்கும் தண்டின் முனையில் இருக்கும் போல்ட், அதன் மேல் முடிநட்டு, நட்டின் பிளவில் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின், பின்னின் இரு கால்களும் மடிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த போல்ட்டுக்குப் போனார். முறுக்கி முடித்ததற்கு அடையாளமாகப் போல்ட்டுகளின் மேல் நான் இழுத்திருந்த ஆரஞ்சு நிறக் கோடு அவருக்குப் போதவில்லை; முறுக்குவிசைக் குறடைக் கேட்டு வாங்கி, அங்கங்கே சிலவற்றை மறுபடியும் முறுக்கிப் பார்த்தார்.

கட்டுப்பாட்டு மேற்பரப்புகளைச் சோதிக்கும்போது அவர் வற்புறுத்திய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்து, தடையில்லாமல் அசைகிறது என்று திருப்தியடைவது எல்லோரும் செய்வது. அசைவது வேறு, சரியான திசையில் அசைவது வேறு. எய்லரான் என்பது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்புப் பலகை. ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் மேலே போக வேண்டும், வலது எய்லரான் கீழே வர வேண்டும். பின்னால் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே எழ வேண்டும். இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தில் ஆவ்ரோ நிறுவனத்தின் டியூடர் 2 முன்மாதிரி விமானம் எழுந்தவுடன் விழுந்து நொறுங்கியது. எய்லரான் இணைப்புகள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் அதில் இறந்தார். அத்தனை பேர் வேலை செய்த தொழிற்சாலையில் நடந்தது தனியாளின் கொட்டகையில் நடக்காது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. நாங்கள் ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டிக்கை அசைக்க, மற்றவர் வெளியே நின்று தாம் காண்பதை மட்டும் உரக்கச் சொன்னோம். "சரி" என்ற சொல்லுக்கு அங்கே தடை. "இடது மேலே, வலது கீழே" என்றுதான் சொல்ல வேண்டும்.

எடை போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைத்து, விமானத்தைச் சமமட்டத்தில் நிறுத்தி, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். அது முன்பக்கம் இருந்தால் மூக்கு கனமாக இருக்கும், இறங்கும்போது ஸ்டிக்கைக் கூடுதலாக இழுக்க நேரும், அவ்வளவுதான். பின்னெல்லையைத் தாண்டினால் விமானம் தானாக நிலைக்குத் திரும்பும் இயல்பை இழக்கும், ஸ்டாலிலிருந்து மீள்வதும் கடினமாகும். ஆகவே முதல் பறத்தலுக்கு மையத்தை அனுமதித்த எல்லைக்குள் முன்பாதியில் வைத்துக்கொண்டேன்.

எரிபொருள் ஓட்டச் சோதனை அப்படித் தாண்டிச் செல்லக்கூடியது அல்ல. விமானத்தின் மூக்கை, அது ஏறும்போது நிற்கும் கோணத்துக்கும் சற்று அதிகமாக உயர்த்தி நிறுத்திவிட்டு, கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, பம்ப்பை ஓட்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பம்ப்பை நம்பியிருக்கும் அமைப்பு என்றால் எஞ்சின் முழுத் திறனில் குடிப்பதைப் போல 125 விழுக்காடும், ஈர்ப்புவிசையால் மட்டும் பாயும் அமைப்பு என்றால் 150 விழுக்காடும் வர வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். 160 குதிரைத்திறன் எஞ்சின் முழுத் திறனில் மணிக்குச் சுமார் 55 லிட்டர் குடிக்கும். எனவே எனக்கு மணிக்கு 70 லிட்டராவது வேண்டும். ஒவ்வொரு டேங்கையும் தனியாக, அது ஏறக்குறைய காலியாகும் வரை ஓட்டிப் பார்த்தோம். இந்தச் சோதனையின் இன்னொரு பலன் கேனுக்கு அடியில் கிடக்கும்: டேங்கின் மூட்டுகளில் பூசிய பசையின் துணுக்குகள், துளையிட்டபோது உதிர்ந்த அலுமினியச் சீவல்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, மறுபடி ஓட்டி, மறுபடி கழற்றி, அதில் ஒன்றும் சிக்காத நிலை வரும் வரை விடக்கூடாது. புதிய விமானத்தின் எஞ்சின் நிற்பதற்குப் பல நேரம் எஞ்சின் காரணமில்லை; அதற்கு உணவு போகும் வழிதான் காரணம்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. புதிய விமானத்தைத் தரையில் நிறைய ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது ஒரு நியாயம். புதிய எஞ்சினைத் தரையில் வெகுநேரம் ஓட்டாதே என்கிறது மற்றொன்று. சிலிண்டர் சுவரோடு பிஸ்டன் வளையங்கள் உராய்ந்து பொருந்துவதற்கு அழுத்தம் தேவை. குறைந்த திறனில் நெடுநேரம் ஓடினால் சுவரின் மேல் எண்ணெய் கருகி வழவழப்பாகப் படிந்துவிடும், பிறகு வளையங்கள் பொருந்தவே பொருந்தா. தரையில் நிற்கும் விமானத்துக்குப் போதிய காற்றோட்டமும் கிடைப்பதில்லை. ஆகவே மெதுவாக ஓட்டிப் பார்த்து பிரேக்கும் திசைமாற்றமும் சரியா என்று அறியும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். எழும் வேகத்துக்கு அருகே ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு; அது தேவை என்று சொல்பவர்கள் என்னைவிட அனுபவசாலிகள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பறக்க மனம் தயாராக இல்லாத ஒருவர், பறக்கத் தயாராக இருக்கும் இயந்திரத்தில், பறக்கும் வேகத்தில் ஓடுவது எப்படிப் பாதுகாப்பாகும்? மூக்கு தற்செயலாக எழுந்துவிட்டால் எஞ்சியிருக்கும் ஓடுபாதை போதாது. பிரேக்குகளோ அதற்குள் சூடேறியிருக்கும்.

ஓட்டுபவரைத் தயார்செய்வது இதற்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை. ரைட் சகோதரர்கள் 1902இல் நூற்றுக்கணக்கான முறை கிளைடரில் சறுக்கிப் பழகியவர்கள். அப்படியிருந்தும் 1903 டிசம்பர் 14 அன்று, நாணயத்தைச் சுண்டி முதல் வாய்ப்பைப் பெற்ற வில்பர், எழுந்தவுடன் எலிவேட்டரை அதிகமாகத் திருப்பிவிட்டதால் விமானம் மூக்கை உயர்த்தி ஸ்டாலாகி மணலில் குத்தியது. பழுதுபார்த்து மூன்று நாள் கழித்து ஆர்வில் பறந்தார். 12 விநாடி, 120 அடி. புதிய விமானத்தின் ஸ்டிக் எவ்வளவு கூர்மையாகப் பதிலளிக்கும் என்பது கைக்குத் தெரியாது என்பதே அன்றும் சிக்கல், இன்றும் சிக்கல். இன்று அதற்குத் தீர்வு உண்டு: அதே வகை விமானம் வைத்திருக்கும் பயிற்றுநரிடம் சென்று, நம் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பிறர் விமானத்தில் கற்றுக்கொள்வது. கட்டுமானத்தின் கடைசிக் கட்டத்தில் பலர் பறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். காசும் நேரமும் கொட்டகையிலேயே கரைந்துவிடும். அப்படித் துருப்பிடித்த கையோடு புதிய விமானத்தில் ஏறுவதைக் காட்டிலும் இன்னொருவரை ஓட்டச் சொல்வது பெருந்தன்மை.

காக்பிட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பெயர் சொல்லும் பயிற்சியையும் நான் விடாமல் செய்தேன். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானம் கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அந்த விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வை வடிவமைப்பில் காட்டிய இடத்தில் வைக்காமல், ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை முறுக்கியபோது கால் தன்னையறியாமல், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடரின் வலது மிதியை மிதித்திருக்கலாம் என்றது விசாரணை. வரைபடத்திலிருந்து விலகுவது கட்டியவரின் உரிமை. அதன் விலையைக் கட்டுபவர் வேறு ஆளாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் சான்று பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் பொருத்திய விமானத்துக்கு வழக்கமாக 25 மணி நேரமும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் சோதனைப் பறத்தல் விதிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் பயணிகளை ஏற்றக் கூடாது. 2014 முதல், தகுதிபெற்ற இன்னொரு விமானியை உடன் அழைத்துச் செல்லும் வழியும் அங்கே திறந்தது. அனுபவமுள்ள இரண்டாவது கை இருப்பது நல்லது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் நான் தனியாகவே போனேன். எடை குறைந்த விமானம் விரைவில் எழும், விரைவில் ஏறும். அதற்கு மேல், என் ரிவெட்டுகளை நம்பி இன்னோர் உயிர் ஏற வேண்டாம் என்று தோன்றியது.

காற்று ஓடுபாதைக்கு நேராக, மெதுவாக வீசிய ஒரு காலைப் பொழுது. கூட்டம் சேர்க்கவில்லை, பார்க்க வந்தவர்கள் இருந்தால் இன்று வேண்டாம் என்று சொல்ல நா எழாது. அந்த மூத்தவர் மட்டும் ரேடியோவும் தீயணைப்பானும் தாளும் வைத்துக்கொண்டு கீழே நின்றார். காக்பிட் மூடியைத் தாழிடுவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஐந்நூறு அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவீர்கள்?"

"எதிரே எது இருக்கிறதோ அங்கே. திரும்ப மாட்டேன், ஐயா."

"அப்படியானால் கிளம்புங்கள்" என்று இறக்கையிலிருந்து இறங்கினார்.

எஞ்சின் திறனைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளினேன். நிமிடத்துக்கான சுற்று 2,200-ஐத் தாண்டியது, எண்ணெய் அழுத்தம் பச்சையில், எரிபொருள் அழுத்தம் பச்சையில், வேகமானி அசையத் தொடங்கியது. இவற்றில் ஒன்று பிசகினாலும், அல்லது ஓடுபாதையின் பாதிக்குள் சக்கரம் எழாவிட்டாலும், த்ராட்டிலை இழுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பாதி வருவதற்கு வெகு முன்பே அது எழுந்துவிட்டது. வலது ரடரைச் சற்று அழுத்தி மூக்கை நேராக வைத்துக்கொண்டு, செங்குத்தாக ஏறாமல் 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்) வேகத்தில் ஏறினேன். காற்று அதிகம் பாய்ந்தால்தான் எஞ்சின் குளிரும், மூக்கு தாழ்ந்திருந்தால்தான் எதிரே என்ன இருக்கிறது என்றும் தெரியும். வளையங்கள் இன்னும் பொருந்தாத புதிய எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும். மூன்றாவது சிலிண்டரின் தலை வெப்பம் 400 பாரன்ஹீட்டைத் தாண்டி 420-ஐத் தொட்டது. லைகோமிங் வகுத்த உச்ச வரம்பு 500 என்பதால் பதற்றப்பட ஏதுமில்லை. மூக்கை இன்னும் சற்றுத் தாழ்த்தியதும் எண் நின்றது, பிறகு இறங்கியது.

விமானநிலையத்துக்கு நேர் மேலே 3,000 அடியில் வட்டமிடத் தொடங்கிய பிறகுதான் மின்பம்ப்பை அணைத்தேன். அதுவரை எஞ்சினோடு இணைந்த பம்ப்பும் மின்பம்ப்பும் சேர்ந்தே ஊட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் பம்ப் தனியாக நிற்குமா என்பது அந்த நொடியில்தான் உறுதியாகும். கை சுவிட்சின் மேலேயே இருந்தது, கண் அழுத்தமானியின் மேல். முள் சற்றுத் தாழ்ந்து நிலைத்தது. டேங்கை மாற்றுவதையும் அதே போல ஓடுபாதைக்கு மேலே, உயரம் கையில் இருக்கும்போது செய்தேன். இடது இறக்கை கனத்து இழுத்தது. ஸ்டிக்கை விட்டால் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. தனியாக ஓட்டுபவர் இடது இருக்கையில் அமர்வதால் அந்தப் பக்கம் கனப்பது இயல்புதான். அது என் எடையா, அல்லது எய்லரானின் பின்விளிம்பு வளைந்த விதமா என்பதைப் பிரித்தறிய, இடது டேங்கிலிருந்தே எரித்துக்கொண்டு அரைமணி நேரம் கவனித்தேன். சாய்வு குறைந்தது, மறையவில்லை.

இறங்குவதற்கு முன் 5,000 அடிக்கு ஏறி, இறங்கும் அமைப்பில் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பைத் தாழ்த்தி, த்ராட்டிலைக் குறைத்து, வேகம் தேயும் வரை மூக்கைப் பிடித்தேன். 48 நாட்டில், ஸ்டால் நெருங்குவதன் அறிகுறியாக, ஸ்டிக்கில் நடுக்கம் தொடங்கியது. அதற்கு மேல் போகாமல் மூக்கைத் தாழ்த்திவிட்டேன். புதிய விமானத்தின் வேகமானி சொல்வது உண்மையா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அதே வேகமானியைப் பார்த்துத்தான் இறங்கப் போகிறேன். நடுக்கம் தொடங்கிய எண்ணை 1.3-ஆல் பெருக்கினால் இறங்கி வருவதற்கான வேகம் கிடைக்கும்: 62 அல்லது 63. ஸ்டால் வேகத்துக்கு அருகே வேகமானியின் பிழை கூடக்கூடும் என்பதால் சற்றுச் சேர்த்து 67இல் வந்தேன். முதன்முறை இறங்கும்போது கொஞ்சம் வேகம் மிச்சமிருப்பதும், அதற்கு ஈடுகொடுக்கும் நீண்ட ஓடுபாதை இருப்பதும் நல்லது. சக்கரம் தொடுவதற்கு முன் விமானம் மிதந்த தூரத்தைப் பற்றி மூத்தவர் கிண்டல் செய்தார். அதையும் தாளில் எழுதியிருந்தார்.

கைகுலுக்கல் முடிந்ததும் எஞ்சின் மூடியைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் தகட்டுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டை ஓரிடத்தில் பின்னோக்கி மடங்கியிருந்தது. வெப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு ராக்கர் மூடியின் கேஸ்கெட்டருகே விரல்நுனி அளவு எண்ணெய்க் கசிவு. எரிபொருள் வடிகட்டியில் கறுப்பாக ஒரே ஒரு துணுக்கு. எண்ணெய் ஒரு கோப்பை அளவு குறைந்திருந்தது. வளையங்கள் பொருந்தும் வரை அது குறைந்துகொண்டுதான் இருக்கும், கனிம எண்ணெயே ஊற்ற வேண்டும், 65 முதல் 75 விழுக்காடு திறனில் ஓட்ட வேண்டும். ரப்பர் பட்டையைத் திருப்பி ஒட்டி, கேஸ்கெட்டை மாற்றி, வடிகட்டியைக் கழுவிப் பூட்டியாயிற்று. எய்லரானின் பின்விளிம்பை இப்போதைக்குத் தொடவில்லை. இன்னும் இரண்டு பறத்தல்களில் சாய்வு அதே அளவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, கனமான இறக்கைக்கு எதிர்ப்பக்க எய்லரானை மயிரிழை அழுத்திப் பார்ப்பதாகத் திட்டம். காற்றுத் தடையைக் குறைக்கும் சக்கர மூடிகள் அதுவரை பெட்டியிலேயே இருக்கும்.